ஆயிரம் கோடியும் லட்சம் கோடியும்: பேரெண்களை மனத்தில் எப்படி நிறுத்துவது?

கணக்கு வாத்தியார், குடியாத்தம்

பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லித்தருகிறேன். நெடுநாளாக மனத்தை அரிக்கும் ஒரு விஷயம் உண்டு. வட ஆற்காட்டுக்காரர்கள் பல தொழில்களில் இருக்கிறீர்கள் என்பதால் இங்கே கேட்கிறேன்.

செய்தித்தாளின் ஒரு பக்கத்தில் ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம் என்று வருகிறது. மறுபக்கத்தில் லட்சம் கோடி ரூபாய்க் கடன் என்று வருகிறது. எது பெரியது என்று கேட்டால் பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். எத்தனை மடங்கு என்றால் யோசிக்கிறார்கள். நூறு மடங்கு என்று விடை வந்த பிறகும் யாருக்கும் அது உறைப்பதில்லை. நூறு ரூபாய்க்கும் பத்தாயிரம் ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதே நூறு மடங்கு, கோடிக்கு மேலே ஏறியதும் காணாமல் போய்விடுகிறது. பெரியவர்களிடமும் இதைத்தான் பார்க்கிறேன். பொதுப்பணத்தைப் பற்றிப் பேசுகிற நாட்டில் இது சின்னக் குறை அல்ல.

வகுப்பில் நான் விநாடிக் கணக்கைப் போடச் சொல்வது வழக்கம். லட்சம் விநாடி என்பது 27 மணி 46 நிமிடம் 40 விநாடி. கோடி விநாடி 116 நாளுக்குச் சற்றுக் குறைவு. நூறு கோடி விநாடி 31 ஆண்டு 8 மாதம். பிறந்து அத்தனை விநாடி ஆன ஒருவருக்கு முப்பத்திரண்டு வயது நெருங்கியிருக்கும். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது 1806 ஜூலை 10-ஆம் நாள். அன்று தொடங்கி இன்றுவரை ஓடியது ஏறத்தாழ 700 கோடி விநாடி. ஆயிரம் கோடி விநாடி 317 ஆண்டு. இதுவரை நம் ஊர் வரலாற்றுக்குள்ளேயே நிற்கிறோம். லட்சம் கோடி விநாடி பின்னோக்கிப் போனால் 31,700 ஆண்டு. கோட்டை இல்லை, கோயில் இல்லை, உலகில் எங்கும் உழவே தொடங்கவில்லை. இந்த இடத்தில்தான் சில பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஆனால் இதற்கும் மேலே போனால் விநாடியும் கைகொடுப்பதில்லை. உங்கள் தொழிலில் பெரிய எண்களை எப்படிப் பிடிக்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற காசாளர், ராணிப்பேட்டை

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். வங்கிக் கவுண்டரில் பணம் எண்ணியே காலத்தைக் கழித்தவன் நான். எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன்.

நோட்டு எண்ணும் இயந்திரம் நிமிடத்துக்கு ஆயிரம் நோட்டு எண்ணும் என்று வையுங்கள். எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள். ஆயிரம் கோடி ரூபாய்க்கு இரண்டு கோடித் தாள்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் இயந்திரம் ஓடினால் 42 வேலை நாளில் எண்ணி முடித்துவிடலாம். லட்சம் கோடி ரூபாய்க்கு 200 கோடித் தாள்கள். ஆண்டுக்கு முந்நூறு வேலை நாள் என்றால் பதினான்கு ஆண்டு ஆகும். வேலைக்குச் சேர்ந்த நாளில் எண்ணத் தொடங்கிய இளைஞனுக்கு எண்ணி முடிக்கும்போது காதோரம் நரைத்திருக்கும்.

இன்னொன்று, இது அதைவிட முக்கியம். தொகையைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். ஆயிரம் கோடியை வகுத்தால் ஆளுக்கு 139 ரூபாய். லட்சம் கோடியை வகுத்தால் ஆளுக்கு 13,860 ரூபாய். வகுத்த உடனே எண் நம் சட்டைப் பையின் அளவுக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. பிள்ளைகளுக்கு இந்த வகுத்தலைக் கற்றுக்கொடுத்தால் போதும் என்பது என் கருத்து. பயன்படாத பேரெண்களைப் பற்றி எதற்குக் கவலைப்பட வேண்டும்?

பாலாற்றங்கரையான், ஆற்காடு

காசாளர் ஐயா சொன்ன வகுத்தல் கணக்கு அருமை. நாளைக்கே என் பையனுக்குச் சொல்லப்போகிறேன்.

நான் கட்டுமானப் பொருள் வியாபாரம் செய்கிறேன். இப்போது எம்-சாண்ட்தான். ஆற்று மணல் ஓடிய காலத்தில் எங்கள் பேச்செல்லாம் யூனிட்டில்தான் நடக்கும். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. காய்ந்த மணல் என்றால் நாலரை டன் வரும். மணலை எண்ண முடியாது என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். ஒரு யூனிட்டில் எத்தனை மணல் இருக்கும் என்று எனக்கு எப்போதும் ஓர் ஆசை. இந்த இழையைப் பார்த்ததும் விடவில்லை.

நகைப் பட்டறை வைத்திருக்கும் என் நண்பரிடம் மில்லிகிராம் வரை காட்டும் தராசு இருக்கிறது. வீட்டில் பழைய கட்டுமானத்தில் மிச்சமான ஆற்று மணலைச் சலித்து, வெயிலில் காயவைத்து, ஒரு சிட்டிகை கொண்டுபோனேன். தராசுத் தட்டில் 100 மில்லிகிராம் நிற்கும்வரை கிள்ளிக் கிள்ளிப் போட்டார். கறுப்புத் தாளில் கொட்டி, கல் பதிக்கும் ஊசியால் பத்துப் பத்தாகத் தள்ளி எண்ணினோம். பார்க்க ஒரே மாதிரி இருந்த மணல், கறுப்புத் தாளில் வேறு வேறாகத் தெரிந்தது: பளிங்கு போல ஒளி ஊடுருவும் மணி, பழுப்பு ஏறிய மணி, இடையிடையே கறுப்புப் பொடி. மூச்சு விட்டால் நகர்கிறது என்று நண்பர் மின்விசிறியை நிறுத்திவிட்டார். ஐந்நூற்றைம்பதை ஒட்டி வந்தது.

அதை வைத்துப் பெருக்கினேன். கிலோவுக்கு 55 லட்சம் மணல். யூனிட்டுக்கு 2,475 கோடி. ஏறத்தாழ 2,500 கோடி என்று வைத்துக்கொள்ளலாம். உலக மக்கள்தொகையே 800 கோடிதான். ஒரு காலத்தில் நாங்கள் ஒரு நாளில் இறக்கிவிட்டுப் போன மணலில் எத்தனை உலகம் இருந்திருக்கிறது என்று நினைத்தால் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது.

ஜவ்வாது மலைக்காரன், ஆலங்காயம்

பாலாற்றங்கரை அண்ணா, உங்கள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்துக் காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் செயல்படத் தொடங்கியது. சின்ன வயதில் பள்ளியிலிருந்து அழைத்துப்போய்க் காட்டியதிலிருந்து எனக்கு வானத்தின் மேல் பித்து.

நம் பால்வீதியில் மட்டும் 10,000 கோடி முதல் 40,000 கோடி விண்மீன்கள் வரை இருக்கலாம் என்பது வானியலாளர் மதிப்பீடு. குறைந்த மதிப்பீட்டை எடுத்தால் உங்கள் மணலில் சரியாக நாலு யூனிட். மணல் ஒன்றுக்கு ஒரு விண்மீன். ஆனால் தூரத்தை இப்படிச் சுருக்க முடியாது. ஒளி ஓராண்டில் போகும் தூரம் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். சூரியனை விட்டால் மிக அருகில் இருக்கும் விண்மீன் 4.24 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. விண்மீன் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் மணி ஆனால், அந்தச் சுருக்க அளவில் சூரியனிலிருந்து அந்த முதல் அண்டை மணி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும். நாலு யூனிட் மணலையும் அந்த இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தூவ வேண்டும். எண்ணிக்கை லாரியில் அடங்குகிறது, வெளி அடங்குவதில்லை.

காட்பாடி மாணவி

பதினோராம் வகுப்புப் படிக்கிறேன். அப்படியானால் பாலாற்று மணல் முழுவதையும் எண்ணலாமா, ஐயா?

கணக்கு வாத்தியார், குடியாத்தம்

எண்ணலாம், அம்மா. நீயே போட்டுப் பார். பாலாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர். அகலத்தைச் சராசரியாக 500 மீட்டர், மணல் ஆழத்தைத் தாராளமாக 10 மீட்டர் என்று வைத்துக்கொள். யூனிட் ஒன்று 2.83 கன மீட்டர். என்ன வருகிறது என்று எழுது.

காட்பாடி மாணவி

111 கோடி கன மீட்டர் வருகிறது. யூனிட்டில் 39 கோடி. யூனிட்டுக்கு 2,500 கோடி மணல் என்றால் 97,500 கோடி கோடி. கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி கோடி. ஒன்றுக்குப் பின்னால் 19 பூச்சியம், அதாவது 10^19.

விநாடிக்கு ஒன்றாக எண்ணினால் எவ்வளவு காலம் ஆகும் என்றும் பார்த்தேன். பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதைப்போல 23 மடங்கு காலம் வேண்டும்.

பாலாற்றங்கரையான், ஆற்காடு

பத்து மீட்டர் ஆழம் மணல் இருந்தது எங்கள் அப்பா காலம். இப்போது பல இடங்களில் அடிக்களி தெரிகிறது. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தப் பெருக்கத்தில் நிறைய இடத்தில் இன்றைக்குப் பூச்சியம் போட வேண்டும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற காசாளர், ராணிப்பேட்டை

மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பத்து மீட்டர் என்பது ஊகம், ஐந்நூறு மீட்டர் என்பது ஊகம், நூறு மில்லிகிராமில் ஐந்நூற்றைம்பது என்பது ஒரு சிட்டிகையின் கணக்கு. இவற்றைப் பெருக்கி எண்ணிவிட்டோம் என்பது எப்படிச் சரியாகும்? என் கவுண்டரில் ஒரு நோட்டு குறைந்தால் இரவு எட்டு மணி ஆனாலும் வீட்டுக்குப் போக மாட்டோம். எண்ணுவது என்றால் எண்ணுவது. மதிப்பிடுவதற்கு அந்தப் பெயரைச் சூட்டுவது பிள்ளைகளுக்குத் தவறான பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும்.

ரத்தப் பரிசோதகி, வேலூர்

காசாளர் ஐயா, உங்கள் கையில் இருக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒவ்வொன்றும் இப்படி எண்ணப்பட்டதுதான். அதை நம்பித்தான் மருத்துவர் மருந்து எழுதுகிறார். எப்படி எண்ணுகிறோம் என்று சொல்கிறேன்.

இப்போது இயந்திரம் எண்ணிக் கொடுக்கிறது. நாங்கள் படித்தபோது நியூபாயர் கண்ணாடியில் கையால் எண்ணினோம். ரத்தத்தை இருநூறு மடங்கு நீர்த்து, கட்டம் போட்ட அந்தக் கண்ணாடியில் ஒரு துளி விட்டு, நுண்ணோக்கியில் வைப்போம். நடுவில் 25 சிறு சதுரம் இருக்கும். அதில் ஐந்தை மட்டும் எண்ணுவோம்: நான்கு மூலை, ஒரு நடு. கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் அணுவை என்ன செய்வது என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். மேல் கோட்டிலும் இடக் கோட்டிலும் படுவதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கீழ்க் கோட்டிலும் வலக் கோட்டிலும் படுவதை விட்டுவிட வேண்டும். இந்த ஒழுங்கை விடாமல் பிடித்தால் ஓர் அணுவும் இரண்டு முறை எண்ணிக்கையில் வராது. ஐந்து சதுரத்தில் 480 வந்தால் பத்தாயிரத்தால் பெருக்குவோம். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 48 லட்சம் சிவப்பணு.

உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம் என்று வைத்தால் ஏறத்தாழ 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள். வாத்தியார் ஐயா செய்தித்தாளில் பார்த்துக் கவலைப்பட்ட அந்த லட்சம் கோடி, நம் ஒவ்வொருவர் உடம்பிலும் இருபத்தைந்து முறை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சிவப்பணு 120 நாள் வாழும். அப்படியானால் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் 20 லட்சத்துக்கு மேல் புதிதாகச் செய்து தள்ளியாக வேண்டும். நீங்கள் தூங்கும்போதும் அது நிற்பதில்லை. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் என் வேலையின் மேல் மரியாதை கூடுகிறது.

பிழை இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. இப்படிச் சிதறிக் கிடப்பவற்றை எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு முன்பின் இருப்பது இயல்பு. 480 எண்ணினால் 22 கூடலாம், 22 குறையலாம். 48 லட்சம் என்பது 50 லட்சமாக இருக்கலாம், 46 லட்சமாக இருக்கலாம். ஐந்து லட்சமாகவோ ஐந்து கோடியாகவோ இருக்காது. நோயாளிக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று சொல்ல அது போதும்.

கணக்கு வாத்தியார், குடியாத்தம்

இந்த இழையில் நான் தேடிவந்த விடை இதுதான், அம்மா. நன்றி.

காசாளர் ஐயாவுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் கவுண்டரில் கடைசி இலக்கம் உயிர்போன்றது. ஆனால் எண் பெரிதாகப் பெரிதாக, முதலில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை இலக்கம் என்பது. பாலாற்று மணல் ஆழம் பத்து மீட்டர் அல்ல, ஒரு மீட்டர்தான் என்றே வைத்துக்கொள்வோம். 10^19 என்பது 10^18 ஆகும். ஒரே ஒரு பூச்சியம் குறையும். இனி ஒரு சொட்டுத் தண்ணீரை எடுங்கள். இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர். ஒரு சொட்டில் இருக்கும் நீர் மூலக்கூறுகள் ஏறத்தாழ 1.7 × 10^21. மணல் நிறைந்த பாலாறு நூற்றைம்பதுக்கு மேல் அந்தச் சொட்டுக்குள் இருக்கிறது. ஆழத்தில் பத்து மடங்கு பிழை செய்திருந்தாலும் எது பெரியது என்ற முடிவு அசையவில்லை, பாருங்கள். தோராயத்துக்குள் இருக்கும் உறுதி என்று நான் சொல்வது இதைத்தான். இதற்காகவே அந்தக் காலத்தில் பிள்ளைகள் கையில் மடக்கை அட்டவணையைக் கொடுத்தார்கள். எண்ணை விட்டுவிட்டு அதன் இலக்கங்களின் எண்ணிக்கையோடு வேலை செய்வது ஒரு பெரிய பழக்கம். பெருக்கல் அங்கே வெறும் கூட்டலாகிவிடுகிறது.

ஆர்க்கிமிடீஸ் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பே, பேரண்டம் முழுவதையும் மணலால் நிரப்ப எத்தனை மணல் வேண்டும் என்று கணக்குப் போட்டார். அவர் காலத்துக் கிரேக்கர்களிடம் பத்தாயிரத்துக்கு மேல் தனிப்பெயர் இல்லை. அதனால் பெரிய எண்களுக்கு ஒரு புதிய முறையையே உண்டாக்கி, 10^63-க்கு மேல் போகாது என்று நிறுவினார். மணலை எண்ண முடியாது என்பவர்களுக்கு அவர் சொன்ன பதில் அது.

ஓய்வுபெற்ற காசாளர், ராணிப்பேட்டை

ரத்தத்தைப் பற்றி அம்மா எழுதியதை மூன்று முறை படித்தேன். பிழைக்கும் கணக்கு வைத்திருப்பது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பிழையின் அளவையும் சேர்த்துச் சொல்வதாக இருந்தால் எனக்கு மறுப்பு இல்லை.

காட்பாடி மாணவி

எனக்கு இன்னொரு சந்தேகம். பேரண்டத்தில் நாம் பார்க்கக்கூடிய பகுதியில் உள்ள அணுக்களே 10^80 அளவில்தான் என்கிறார்கள். அதைவிடப் பெரிய எண்களுக்கு அவசியம் என்ன? எண்ணுவதற்கு எதுவுமே இல்லையே.

ஜவ்வாது மலைக்காரன், ஆலங்காயம்

பொருள்கள் தீர்ந்துவிடும், தங்கையே, வழிகள் தீராது. நம் காவலூரில் 1988 பிப்ரவரியில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். அதன் எண் 4130, பெயர் ராமானுஜன். அவருடைய ஒரு கணக்கையே சொல்கிறேன்.

ஐந்து என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 5; 4+1; 3+2; 3+1+1; 2+2+1; 2+1+1+1; 1+1+1+1+1. ஏழு விதம். பத்தை 42 விதமாகப் பிரிக்கலாம். ஐம்பதை 2,04,226 விதமாக. நூறை 19,05,69,292 விதமாக. இருநூறை? 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388 விதமாக! எடுத்தது வெறும் இருநூறு. வந்தது ஏறத்தாழ நாலு லட்சம் கோடி.

இதை மக்மஹோன் என்பவர் பெரும் உழைப்பில் கையால் கணக்கிட்டு வைத்திருந்தார். 1918-இல் ஹார்டியும் ராமானுஜனும் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். அதில் எட்டு உறுப்புகளைக் கூட்டியதும் அந்தப் பதின்மூன்று இலக்க எண் 0.004 வித்தியாசத்தில் வந்து நின்றது. நாலு லட்சம் கோடி வழிகளில் ஒன்றையும் எழுதிப் பார்க்காமல், கடைசி இலக்கம் வரை. காசாளர் ஐயா, உங்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பேரணாம்பட்டு வாசகன்

கூகோல் என்ற எண்ணைப் பற்றியும் சொல்லுங்கள். இணையத் தேடுதளத்தின் பெயர் அதிலிருந்து வந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

கணக்கு வாத்தியார், குடியாத்தம்

ஆமாம், அதிலிருந்து வந்ததுதான். கூகோல் என்பது ஒன்றுக்குப் பின் நூறு பூச்சியம். எட்வர்ட் காஸ்னர் என்ற அமெரிக்கக் கணித அறிஞரின் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் 1920-ஐ ஒட்டி வைத்த பெயர். எழுத முடியும், நோட்டில் இரண்டு மூன்று வரி. கூகோல்பிளெக்ஸ் என்றால் ஒன்றுக்குப் பின் கூகோல் பூச்சியம். அதை எழுதவே முடியாது. அணுவுக்கு ஒரு பூச்சியம் எழுதினாலும் 10^80 பூச்சியத்தோடு பேரண்டம் தீர்ந்துவிடும். ஆனாலும் இப்போது நான் எழுதியதை எல்லோரும் புரிந்துகொண்டீர்கள். இலக்கங்களை எழுத முடியாவிட்டாலும் எண்ணைக் குறிப்பிட முடிகிறது. இங்கிருந்து மேலே போக மணலும் விநாடியும் நோட்டுக்கட்டும் பயன்படாது. அவற்றை இறக்கி வைத்துவிட்டு, எண் எந்த விதியால் உண்டாகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

காட்பாடி மாணவிக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். திரும்பத் திரும்பக் கூட்டினால் பெருக்கல். திரும்பத் திரும்பப் பெருக்கினால் அடுக்கு. திரும்பத் திரும்ப அடுக்கேற்றினால்? அதற்கு டொனால்ட் நூத் 1976-இல் மேல்நோக்கும் அம்புக்குறி முறையைக் கொண்டுவந்தார். ஓர் அம்பு சாதாரண அடுக்கு: 3↑3 என்றால் 27. இரண்டு அம்பு என்றால் அடுக்கின் மேல் அடுக்கு: 3↑↑3 என்பது மூன்று மாடி, 3-இன் 27-ஆம் அடுக்கு. அது 7,62,559 கோடியே 74,84,987. நாலு மாடி, அதாவது 3↑↑4, என்றால் இப்போது சொன்ன எண்ணே அடுக்காகிவிடும். அதன் இலக்கங்களின் எண்ணிக்கை மட்டும் 3.6 லட்சம் கோடிக்கு மேல். பக்கத்துக்கு மூவாயிரம் இலக்கம் அச்சடித்தால் 120 கோடிப் பக்கம் வேண்டும். ஐந்தாம் மாடியில் இலக்கங்களின் எண்ணிக்கையையே எழுத முடியாது. மூன்று அம்பு, 3↑↑↑3, என்பது மூன்றுகளால் கட்டிய கோபுரம். அதன் மாடிகள் 7.6 லட்சம் கோடி. நாலாம் மாடியிலேயே நமக்குக் காகிதம் தீர்ந்துவிட்டது என்பதை மறக்க வேண்டாம்.

ரொனால்ட் கிரகாமின் பெயரைத் தாங்கிய எண் நாலு அம்பில் தொடங்குகிறது. 3↑↑↑↑3 என்பது முதல் படி. இரண்டாம் படியில், இரண்டு மூன்றுகளுக்கு நடுவே முதல் படியின் விடை எவ்வளவோ அத்தனை அம்புகள். மூன்றாம் படியில், இரண்டாம் படியின் விடை எவ்வளவோ அத்தனை அம்புகள். இப்படி 64-ஆம் படியில் வந்து நிற்கும் எண்தான் கிரகாம் எண். பல பரிமாணக் கனசதுரத்தின் மூலைகளை இரண்டு நிறக் கோடுகளால் இணைப்பது பற்றிய ஒரு கேள்விக்கு, விடை இதைத் தாண்டாது என்று காட்ட எழுந்த எண். 1977-இல் மார்ட்டின் கார்டனர் தம் பத்தியில் எழுதி உலகறியச் செய்தார். 1980-இல் கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. விளையாட்டுக்காக உண்டாக்கியது அல்ல, ஒரு நிரூபணத்துக்குள் வேலை செய்த எண் என்பதால் எனக்கு இதன் மேல் தனி மதிப்பு.

ஓய்வுபெற்ற காசாளர், ராணிப்பேட்டை

படித்தேன். இந்த எண்ணின் கடைசி இலக்கம் 7 என்று தெரியும் என்கிறார்களே, முதல் இலக்கம் கூடத் தெரியாத எண்ணுக்குக் கடைசி இலக்கம் எப்படித் தெரியும்?

காட்பாடி மாணவி

ஐயா, இதை நான் சொல்லட்டுமா? இரவு முழுவதும் இதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

கிரகாம் எண்ணை எத்தனை அம்பால் எழுதினாலும், பிரித்துப் பார்த்தால் அது மூன்றுகளால் ஆன ஒரே பெரிய கோபுரம்தான். 3-இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 3, 9, 7, 1 என்று நான்குக்கு ஒரு முறை திரும்பி வரும். ஆகவே அடுக்கை நான்கால் வகுத்தால் என்ன மீதி என்று தெரிந்தால் போதும். அந்த அடுக்கும் 3-இன் ஓர் ஒற்றைப்படை அடுக்கு. அதை நான்கால் வகுத்தால் எப்போதும் 3 மீதி. மூன்றாம் இடத்தில் இருப்பது 7.

கடைசி இரண்டு இலக்கமும் கிடைக்கிறது. அவை 20 அடுக்குக்கு ஒரு முறை திரும்பும். 27-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 7. 3-இன் ஏழாம் அடுக்கு 2187. ஆகவே மூன்று மாடிக் கோபுரம் 87-இல் முடிகிறது. வாத்தியார் ஐயா எழுதிய எண்ணும் 87-இல்தான் முடிகிறது. அடுத்த மாடிக்கு அடுக்கின் கடைசி இரண்டு இலக்கம் 87. அதை 20-ஆல் வகுத்தாலும் மீதி 7. மறுபடியும் 87. எத்தனை மாடி ஏறினாலும் இனி மாறாது.

மூன்று இலக்கத்துக்கு ஒரு மாடி கூடுதலாக ஏற வேண்டும். கடைசி மூன்று இலக்கம் நூறு அடுக்குக்கு ஒரு முறை திரும்புவதால், அடுக்கின் கடைசி இரண்டு இலக்கமான 87-ஐ வைத்து 3-இன் 87-ஆம் அடுக்கைப் போட்டால் போதும். ஆயிரத்துக்கு மேற்பட்டதை ஒவ்வொரு படியிலும் தள்ளிவிட்டுப் பெருக்கினேன். 387 வந்தது. மேலே எத்தனை மாடி இருந்தாலும் அந்த 387 அப்படியே நிற்கிறது.

ரத்தப் பரிசோதகி, வேலூர்

மேலே ஏறுவதற்கு வழி இல்லாத இடத்தில் கீழேயிருந்து பிடித்திருக்கிறாய், கண்ணே. என் மகளிடம் காட்டினேன், அவளும் நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டாள்.

ஓய்வுபெற்ற காசாளர், ராணிப்பேட்டை

மகளே, நீ சொன்ன முறையிலேயே அடுத்த இலக்கத்துக்குப் போனேன். அடுக்கின் கடைசி மூன்று இலக்கம் 387. ஆகவே 3-இன் 387-ஆம் அடுக்கு; ஒவ்வொரு பெருக்கத்திலும் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். 387-ஐ 320, 40, 20, 7 என்று பிரித்து, நாலு தாளில் கையால் போட்டு, மறுபடி தலைகீழ் வரிசையில் பெருக்கிச் சரிபார்த்தேன். இரண்டு முறையும் 5387 வருகிறது. சரிதானா?

காட்பாடி மாணவி

சரி, ஐயா. நீங்கள் ஐந்தாம் இலக்கத்துக்குப் போங்கள், நான் இன்னொரு வழியில் போட்டு வருகிறேன். ஒத்துப் பார்ப்போம்.